1967 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை. புது மீட்டர் வாங்குவதா, பழையதைச் சரி செய்ய முடியுமா?

வாங்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இரவு பதினொன்றரைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் யாரோ பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1967 கடைசியில் மார்க் 2 மாடல் வரும்வரை எம்.ஜி.பி. எல்லாம் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாலும் விளக்கு எரியும், வைப்பர் ஓடும். ஆர்.பி.எம். மீட்டரை மட்டும் மறந்துவிடுவார்கள்.

கோவென்ட்ரியில் நான் வாங்கிய 1966 வண்டியிலும் இதே கதைதான். காட்டிய கடையில், "உள்ளே எல்லாம் போச்சு, புது சர்க்யூட் வைத்துத் தருகிறோம்" என்றார்கள். கொடுக்க மனம் வரவில்லை. காரணம் அப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரம். மதுரையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். சாவி கொடுக்கும் மெஷினை எடுத்துவிட்டு பேட்டரி மெஷினை வைத்துத் தந்தார்கள். பழையதைக் கேட்டால், "அது குப்பைக்குப் போயிடுச்சு சார்" என்றார் கடைக்காரர். அப்பா கையில் வழுக்கிக்கொண்டு போன விநாடி முள், இப்போது நொடிக்கொரு தரம் குதிக்கிறது. கழற்றிய பாகம் நம்முடையது. கேட்காமல் எறிய எவருக்கும் உரிமை இல்லை. பத்து வருஷம் ஆகியும் ஆறவில்லை.

சரி, மீட்டருக்கு வருகிறேன். டயலின் அடியில் பொடி எழுத்தில் ஆர்.வி.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். ஆர்.வி.சி. என்றால் அது பிற்கால மீட்டர், கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது. சாவியைத் திருப்பிப் பச்சை வயரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று முதலில் சோதியுங்கள். இரண்டும் சரியென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரின் முதுகைப் பாருங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் போகும். காயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்சான பாயின்ட் திறந்து, மின்னோட்டம் அறுபடுவதைத்தான் மீட்டர் எண்ணுகிறது. நாலு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு தடவை, அதாவது 3000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 100. எர்த் மாறினால் அந்த வயரில் மின்னோட்டத்தின் திசையும் மாறிவிடும், மீட்டர் எண்ணாது.

அதனால் வயரை எதிர்ப்பக்கமாக நுழைத்துச் சுற்ற வேண்டும். அது மட்டும் போதாது. மீட்டரின் வெளிக்கூடுதான் எர்த் என்பதால், உள்ளே மின்சாரம் வரும் இரண்டு இணைப்புகளையும் இடம் மாற்றிச் சால்டர் வைக்க வேண்டும். எனக்கு அரைமணி நேரம்தான் ஆனது. முன் வளையத்தைத் திருப்பிக் கழற்றத்தான் இரண்டு நாள்: உள்ளே ரப்பர் கருங்கல்லாக இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

நான் எலக்ட்ரிஷியன் இல்லை. "காதால் கேட்டே கியர் மாற்றலாமே, மீட்டர் எதற்கு" என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஐம்பது வருஷத்துக்கு மேல் செத்துப்போகாத சாமான் அது. ஸ்டார்ட் செய்ததும் முள் நடுங்கி எழுந்து 900-ல் நின்றபோது என் கையும் நடுங்கியது. அப்புறம் உள்ளேயிருந்த திருகைத் தொட்டு 3000-க்குச் சரிபார்த்துக்கொண்டேன்.

உங்களுடையது இன்னும் பாசிட்டிவ் எர்த்தாகவே இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், ஃபியூஸையும் வயர் முனைகளையும் சுத்தம் செய்து பாருங்கள். வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், கண்ணாடி போய்விடும். வெள்ளை வயர் எந்தப் பக்கம் நுழைகிறது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.