விளையாட்டு வீரர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் தேசிய சேவையை ஒத்திவைப்பது நியாயமா?

சிங்கப்பூரில் எல்லாப் பையன்களும் பதினெட்டு வயதை ஒட்டி தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்காக முகாமுக்குப் போகும்போது, நன்றாக நீந்துகிறவனுக்கும் நன்றாக வாசிக்கிறவனுக்கும் மட்டும் ஏன் சலுகை என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சைச் சீருடையில் இரண்டு வருஷத்தை முழுசாகக் கழித்தவன் நான். என்னைக் கேட்டால் ஒத்திவைப்பது நியாயம்தான். யாருக்கு ஒத்திவைக்கலாம் என்று அளக்கிற கோல்தான் எனக்கு உறுத்துகிறது.

ஒத்திவைப்பு வேறு, விலக்கு வேறு. தென்கொரியாவில் கிடைப்பது கிட்டத்தட்ட விலக்கு. ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ வாங்கினால், சில வார அடிப்படைப் பயிற்சியோடு முடிந்தது. அப்புறம் தன் துறையிலேயே இருந்துகொண்டு 544 மணி நேரம் சமூகப் பணி செய்தால் போதும். கால்பந்து வீரர் சோன் ஹியுங்-மின் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, 2020இல் ஜேஜு தீவில் மூன்று வாரப் பயிற்சியோடு கிளப்புக்குத் திரும்பிவிட்டார். நம் ஊரில் அந்தக் கதையே கிடையாது. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் ஒரு நாள் வந்து தலைமுடியை மழித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜோசஃப் ஸ்கூலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் ஒத்திவைப்பு கிடைத்தது. 2016 ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் 50.39 வினாடி. மைக்கேல் ஃபெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் முன்னால் நம் பையன். சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். பிறகு ஒத்திவைப்பு நீட்டிக்கப்பட்டது, கடைசியில் 2022 ஜனவரியில் சேவையில் சேர்ந்தார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் தாமதமாக வந்ததால் பாதுகாப்பில் ஓட்டை விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பென் டேவிஸ் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் கால்பந்து கிளப்போடு ஒப்பந்தம் போட்ட இளைஞர். தற்காப்பு அமைச்சு ஒத்திவைப்பைத் தரவில்லை. சிங்கப்பூரைப் பிரதிநிதித்து ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் பதக்கம் வாங்கும் வாய்ப்பு இருக்க வேண்டும், தனிப்பட்ட தொழில் வளர்ச்சிக்காக ஒத்திவைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். விளையாட்டுக்காக அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் மூன்றே மூன்று பேருக்குத்தான் கொடுத்திருக்கிறோம் என்றும் சொன்னார்கள். எப்போது திரும்பி வருவார் என்று உறுதி இல்லை என்ற காரணத்தையும் வைத்தார்கள். அந்தக் காரணத்தை நான் ஒப்புக்கொள்கிறேன், தேதி சொல்லாமல் கடன் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஆனால் பதக்கக் கோலை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீச்சல்காரன் தனியாகக் குதித்துத் தனியாக ஜெயிக்கலாம். கால்பந்துக்காரனோடு ஆட இன்னும் பத்து பேர் வேண்டும். அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் சிங்கப்பூர் அணி ஒலிம்பிக்குக்கே போகாவிட்டால் அந்தக் கோலில் அவன் உயரம் பூஜ்யம்தான்.

இசைக்கு வந்தால் கோல் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. இங்கே என் கதை கொஞ்சம் வரும்.

தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியின்போது எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன் ஒரு வயலின்காரன். ஏழு வயதிலிருந்து வாசிக்கிறவன். இரவு விளக்கை அணைத்த பிறகு இரும்புக் கட்டிலின் சட்டத்தில் இடது கை விரல்களை வைத்து ஏதோ தட்டிக்கொண்டே இருப்பான். முதல் வாரம் எனக்கு எரிச்சல். "டேய், தூங்க விடுடா" என்று கத்தியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, முழுக் கச்சேரியையும் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறான். இடது விரல் நுனிகளில் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்திருந்த தோலை எனக்குத் தொட்டுக் காட்டினான். ஐந்தாறு வாரத்தில் அது உரிந்து மெத்தென்று ஆகிவிட்டது. பதிலுக்கு வலது உள்ளங்கையில் துப்பாக்கியும் மண்வெட்டியும் புதுக் காய்ப்பைக் கொடுத்திருந்தன. பதுங்குகுழி வெட்டிய அன்று இரவு விரலை மடக்கவே அவனால் முடியவில்லை. கட்டிலில் சத்தமே வரவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ராணுவ இசைக்குழு இருக்கிறதே என்பார்கள். அணிவகுப்பு இசையில் பெரும்பாலும் ஊதுகருவியும் தாளக் கருவியும்தான். வயலினை வைத்துக்கொண்டு யார் அணிவகுத்துப் போவது?

கலைஞர்களுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் பியானோ கலைஞர் மெல்வின் டான். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு இசை படிக்கப் போனவர், சேவைக்குத் திரும்பவில்லை. பல்லாண்டுகள் கழித்து 2005இல் நீதிமன்றத்தில் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் கட்டினார். ஊரே கொதித்தது, அடுத்த ஆண்டே சட்டத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு மாதத்துக்கு 3,000 என்றால் மாதம் 125 வெள்ளி. அந்த விலைக்கு என் பங்க்கில், அதாவது முகாம் அறையில், இருந்த பாதிப் பேர் வீட்டில் கடன் வாங்கியாவது வெளியே போயிருப்பார்கள். கோபம் சரியானதுதான். ஆனால் அந்தக் கோபம் சேவைக்கு வராமலே இருந்துவிட்டவர் மீது. தாமதமாக வருகிறவர் மீது அதைக் காட்டுவது சரியில்லை.

படித்துவிட்டுத் தாமதமாக வருவது நமக்குப் புதிதும் இல்லை. உள்ளூரில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தவர்கள் சேவையை நடுவில் நிறுத்திவிட்டுக் கல்லூரிக்குப் போய், டாக்டராகத் திரும்பி வந்து மீதியை முடிப்பது காலம்காலமாக நடக்கிறது. யாரும் பொறாமைப்படுவதில்லை. ராணுவத்துக்கு டாக்டர் வேண்டும், வயலின் வேண்டாம். சரி, அது ராணுவத்தின் கணக்கு. நாட்டின் கணக்கும் அதேதானா?

நியாயம் என்று பேசினால் காசையும் பேச வேண்டும். பையன் பதின்மூன்று வயதைத் தாண்டி வெளிநாட்டில் நீண்ட காலம் படிக்கப் போனால் பெற்றோர் பிணை கட்ட வேண்டும். குறைந்தது 75,000 வெள்ளி, இல்லையென்றால் வருஷ வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. அதற்கு மேல் பயிற்சிச் செலவு, தங்கும் செலவு. பதினெட்டு வயதில் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கும் தகுதியை எட்டுவதற்குள்ளேயே சிலர் கழன்றுவிடலாம். முகாம் வாசலில் எல்லாரும் சமம் என்கிறோம், அந்த வாசலுக்கு வரும் வழி சமமாக இல்லை. பென் டேவிஸுக்காகச் சண்டை போட்ட அளவுக்கு இதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கொரியாவில் இசைக்கு ஒரு பட்டியலாவது வைத்திருக்கிறார்கள். இன்னின்ன சர்வதேசப் போட்டியில் ஜெயித்தால் இது கிடைக்கும் என்று எழுதியே இருக்கிறது. அதிலும் கோணல் உண்டு. பியானோப் போட்டியில் ஜெயித்தவருக்கு வழி இருந்தது, உலகமே கேட்ட பிடிஎஸ் பாப் குழுப் பையன்களுக்கு இல்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தி முப்பது வயதுவரை ஒத்திவைக்க இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூத்தவர் ஜின் 2022 டிசம்பரில் போய் 2024 ஜூனில் முடித்து வந்தார். ரசிகர்கள் காத்திருந்தார்கள், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நமக்கு விலக்கு வேண்டாம், அந்த மாதிரிப் பட்டியலும் திரும்பும் தேதியும் எழுத்தில் இருந்தால் போதும். கூடவே குழு விளையாட்டுக்கு வேறு அளவுகோல், பிணை கட்ட முடியாத குடும்பத்துக்கு ஏதாவது ஏற்பாடு.

என் வயலின்காரன் இரண்டு வருஷத்தையும் முடித்துவிட்டுத்தான் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு வாசித்துக் காட்டப் போனான். வரிசையில் மற்றவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதாம். இடம் கிடைக்கவில்லை. ராணுவத்தால்தான் என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். போன வருஷம் ரிசர்விஸ்ட்டில், அதாவது சேவை முடித்தவர்களை மறுபடி கூப்பிடும் பயிற்சியில், பார்த்தபோது இந்தக் கேள்வியையே அவனிடம் கேட்டேன்.

"எனக்குக் கொடுத்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?" என்றான்.

"திட்டியிருப்பேன்" என்றேன். சிரித்துக்கொண்டே இடது கையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான்.