அராயெஸ் வீட்டுப் பேரன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வாரிசு அரசியல் பற்றிய உங்கள் கட்டுரையில், திறமையான வாரிசையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தியது. பிரேசிலில் எடுவார்டோ காம்போஸ் என்று ஒருவர் இருந்தார். பழைய ஆளுநர் மிகெல் அராயெஸின் மகள் வயிற்றுப் பேரன். பெர்னாம்புகோ மாநில ஆளுநர். 2010இல் 82 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். 2014இல் அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போது விமான விபத்தில் இறந்துபோனார். தாத்தா பெயரைச் சொல்லி வந்தவர்தான், ஆனால் நன்றாக ஆண்டவர். இப்படிப்பட்டவரையும் குடும்பப் பெயருக்காக ஒதுக்க வேண்டுமா? பதவியில் இருப்பவரின் குடும்பத்தார் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டால் நல்லவர்களையும் சேர்த்துத்தானே இழப்போம்?

எம்.

அன்புள்ள எம்,

எடுவார்டோ திறமைசாலி. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நீங்கள் எடுத்துக்காட்டியிருப்பது நல்ல ஆள் என்பதால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். மோசமான வாரிசை வைத்து வாரிசு அரசியலைத் திட்டுவது சுலபம், யாரும் செய்யலாம். (மற்ற வாசகர்களுக்காக ஒன்று: பிரேசிலில் ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். நம் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பாருங்கள்.)

முதலில் தாத்தா. அவரை விட்டுவிட்டுப் பேரனைப் பேச முடியாது. மிகெல் அராயெஸ் 1916இல் பக்கத்து மாநிலமான சியாராவின் உள்நாட்டில் பிறந்தவர். பெர்னாம்புகோவின் தலைநகரான ரெசிஃபேக்கு வந்து, சர்க்கரை ஆலைகளைக் கட்டுப்படுத்தும் அரசு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொண்டது பழைய கரும்புப் பண்ணைக் குடும்பம் ஒன்றில். அவருக்கு முன் ஆளுநராக இருந்த சிட் சம்பாயோ ஓர் ஆலை முதலாளி, அராயெஸுக்குச் சகலை. ஏழைகளின் தலைவர் என்று பேரெடுத்தவருக்கும் கதவு திறந்ததில் மாமனார் வீட்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. இதை அவருடைய பக்தர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் உள்ளே போனபின் அவர் செய்தது வேறு. பெர்னாம்புகோவின் கடலோரக் கரும்புக் காட்டில் வெட்டுக்கூலி அடிமை முறை ஒழிந்தபின்னும் பெரிதாக மாறியிருக்கவில்லை. குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் இருந்தாலும் வயல்வரை அது வந்து சேராது. 1963இல் ஆளுநரானதும் ஆலை முதலாளிகளையும் தொழிலாளர் சங்கங்களையும் ஆளுநர் அரண்மனையில் எதிரெதிரே உட்காரவைத்து, குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் போடவைத்தார். எத்தனை அடிக் கரும்பு வெட்டினால் ஒரு நாள் கூலி என்பதுவரை அட்டவணை போட்டார்கள். கையில் காசு புரண்டதும் அந்த ஊர்ச் சந்தைகளில் வியாபாரம் சூடுபிடித்தது. கரும்பு வெட்டுகிறவர்கள் அவரை 'பாய் அராயா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அராயா அப்பா என்கிற மாதிரி.

1964 ஏப்ரல் 1 அன்று ராணுவம் அரண்மனையைச் சூழ்ந்தது. ராஜினாமா செய்தால் போகவிடுகிறோம் என்றார்கள். மாட்டேன் என்றார். சிறை, ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவு, அப்புறம் அல்ஜீரியாவில் 14 வருட அஞ்ஞாதவாசம். பொதுமன்னிப்பு வந்தபின் 1979இல் திரும்பிவந்து, 1986இல் மறுபடி ஆளுநராக ஜெயித்தார். தன்னைத் தூக்கிப்போட்ட அதே அரண்மனைக்குள் ஓட்டு வாங்கித் திரும்பியவர் என்ற அந்தக் காட்சிதான் குடும்பத்தின் மூலதனம்.

பேரன் பிறந்தது 1965 ஆகஸ்டில், தாத்தா நாடுகடந்த அதே வருடம். பொருளாதாரம் படித்து முடித்த கையோடு 1986 பிரசாரத்தில் இறங்கினார். 1987இல், 22 வயதில், ஆளுநர் தாத்தாவின் அலுவலகத் தலைமைப் பொறுப்பு. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. வாரிசுக்குக் கிடைப்பது பெயர் மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெயர் சின்ன விஷயம். எந்த மேயர் எப்போது கோபித்துக்கொள்வார், எந்தக் கோப்பு எங்கே முடங்கும், சங்கத்துக்காரரை எத்தனை நேரம் காக்கவைக்கலாம் என்பதையெல்லாம் 22 வயதில் அந்த மேஜையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற வாய்ப்பு அந்த மாநிலத்தில் இன்னும் எத்தனை பட்டதாரிகளுக்குக் கிடைத்திருக்கும்? பின்னால் நாம் பார்த்து வியக்கிற திறமை அங்கே ஊறியது.

சறுக்கல்களும் இருந்தன. 1992இல் ரெசிஃபே மேயர் தேர்தலில் நின்று தோற்றார். தாத்தாவின் மூன்றாவது ஆட்சியில் நிதிச் செயலராக இருந்தபோது, நீதிமன்றக் கடன்களைக் கட்டுவதாகச் சொல்லி வெளியிட்ட அரசுப் பத்திரங்கள் நாடாளுமன்ற விசாரணைவரை போய் நாறின. வழக்கு பின்னால் உச்ச நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் 1998இல் ஜார்பாஸ் வாஸ்கொன்செலோஸிடம் தாத்தா படுதோல்வி அடைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. சாதாரண ஆளாக இருந்தால் இப்படிப்பட்ட ஊழல் புகாரோடு கதை முடிந்திருக்கும். பேரன் அதே தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு மறுபடி ஜெயித்துப் போனார். 2004இல் அதிபர் லூலாவின் அரசில் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர். 2006இல் ஆளுநர்.

ஆளுநராக அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது 'ஷப்பேவ் டி பாலியா' திட்டம். வைக்கோல் தொப்பி என்று பெயர். கரும்பு வெட்டு முடிந்தால் அடுத்த வெட்டுவரை நான்கைந்து மாதம் தொழிலாளிக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் அரசு பணம் கொடுத்து வேலையோ பயிற்சியோ தரும். தாத்தா தொடங்கியது, பிறகு வந்தவர்கள் கைவிட்டது. 2007இல் பேரன் அதைச் சட்டமாக்கி மீண்டும் கொண்டுவந்தார். கொலைகளைக் குறைக்க 'உயிருக்கான ஒப்பந்தம்' என்று ஒரு திட்டம் போட்டு, காவல்துறை, நீதித்துறை அதிகாரிகளைக் கூட்டி, எண்களை மேஜையில் வைத்துக் கேள்வி கேட்டார். சில வருடங்கள் அது நன்றாகவே வேலை செய்தது. சரி, 82 சதவீதம் சும்மா வரவில்லை.

அப்புறம் 2011. பிரேசிலில் மத்திய அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தீர்ப்பாயம் ஒன்று உண்டு. 75 வயதுவரை யாரும் அசைக்க முடியாத பதவி. அதில் ஓர் இடம் காலியானபோது எடுவார்டோவின் அம்மா, நாடாளுமன்ற உறுப்பினர் ஆனா அராயெஸ் போட்டியிட்டார். ஆளுநர் மகன் நாட்டின் தலைநகரில் கட்சி கட்சியாக ஆதரவு திரட்டினார். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் 222 ஓட்டு வாங்கி அம்மா ஜெயித்தார். 2014 ஆகஸ்ட் 12 இரவு, நாடே பார்க்கும் தொலைக்காட்சிச் செய்தி நேர்காணலில் இதைத்தான் அவரிடம் கிடுக்கிப்பிடியாகக் கேட்டார்கள். அவர் தவறேதும் இல்லை என்று வாதாடினார். மறுநாள் காலை சாண்டோஸ் நகரில் விமானம் விழுந்தது. அவருக்கு 49 வயது. ஆகஸ்ட் 13, தாத்தா இறந்த அதே தேதி என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அந்த விமானம் யாருடையது என்ற கேள்வி தனியாக மத்திய காவல்துறை விசாரணையானது.

இனி உங்கள் சட்டக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுகிற சட்டம் பிரேசிலில் இருக்கிறது. 1988 அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு, ஏழாம் உட்பிரிவு. அதிபர், ஆளுநர், மேயர் பதவியில் ஒருவர் இருந்தால் அவருடைய கணவனோ மனைவியோ, பிள்ளையோ பேரனோ, உடன்பிறந்தவரோ அவருடைய ஆட்சி எல்லைக்குள் தேர்தலில் நிற்க முடியாது. ஏற்கெனவே பதவியில் இருந்து மறுபடி நிற்பவருக்கு மட்டும் விலக்கு. இந்தச் சட்டம் அராயெஸ் வீட்டை என்ன செய்தது? 1990இல் தாத்தா நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட ஆளுநர் பதவியை முன்கூட்டியே விட்டார், அதே வருடம் பேரன் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1994இல் தாத்தா ஆளுநர் பதவியில் இல்லை, தடையும் இல்லை. 1998இல் தாத்தா ஆளுநர், ஆனால் பேரன் ஏற்கெனவே உறுப்பினர், ஆகவே விலக்கு. தணிக்கைத் தீர்ப்பாயம் மக்கள் ஓட்டுப் போடும் இடமே இல்லை. ஒரு விதியும் மீறப்படவில்லை. நல்லவர்களை இழந்துவிடுவோமோ என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம், ஒருவரும் இழக்கப்படவில்லை.

எடுவார்டோ இறந்தபின் நடந்ததுதான் என் சந்தேகத்துக்குக் காரணம். உயிரோடு இருந்தபோது அவர் குடும்பப் பெயர் இல்லாத அரசு அதிகாரிகளைத்தான் முன்னிறுத்தினார். ஜெரால்டோ ஜூலியோ ரெசிஃபே மேயரானார், பாவ்லோ கமரா ஆளுநரானார். இருவரும் இரண்டிரண்டு முறை. நீங்கள் இதை என்னிடம் திருப்பிக் காட்டலாம். ஆனால் அந்த நாற்காலிகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். எடுவார்டோவின் மகன் ஜோவாவ் காம்போஸ் பொறியியல் முடித்து, 22 வயதில் ஆளுநர் கமராவின் அலுவலகத் தலைவரானார். அப்பா உட்கார்ந்த அதே வகை மேஜை, அதே வயது. 2018இல் 4.6 லட்சம் ஓட்டோடு நாடாளுமன்றம். 2020இல், ஜெரால்டோ ஜூலியோ இறங்கிய இடத்தில், ரெசிஃபே மேயர். கமரா 2023இல் எடுவார்டோவின் கட்சியை விட்டே போய்விட்டார்.

2020 மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஜோவாவை எதிர்த்து நின்றவர் மரீலியா அராயெஸ். எடுவார்டோவின் மாமன் மகள். நம் ஊர்க் கணக்கில் ஜோவாவுக்குச் சித்தி முறை. இரண்டு பேருமே மிகெல் அராயெஸின் பெயரில்தான் ஓட்டுக் கேட்டார்கள், ஒருவரையொருவர் நாறடித்தும் கொண்டார்கள். 56க்கு 44 என்று ஜோவாவ் ஜெயித்தார். எடுவார்டோவின் சொந்தத் தம்பியோ வலதுசாரி அதிபர் போல்சொனாரோ காலத்தில் அரசுக் கலாச்சார அறக்கட்டளை ஒன்றின் தலைவராக இருந்தார். 2022 ஆளுநர் தேர்தலில் இன்னும் வேடிக்கை. இறுதிச் சுற்றில் ஒரு பக்கம் மரீலியா. இன்னொரு பக்கம் ராக்கெல் லீரா, எடுவார்டோவின் துணை ஆளுநராக இருந்து 2014இல் அவருக்குப்பின் ஆளுநரான ஜோவாவ் லீரா நெட்டோவின் மகள். ஜெயித்தது ராக்கெல். 90 லட்சம் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, இடது, வலது எல்லாமே ஒரே கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தால், அங்கே ஓட்டுப் போடுகிறவருக்கு என்னதான் தேர்வு இருக்கிறது? எடுவார்டோ நன்றாக ஆண்டதால்தான் அந்தப் பெயருக்கு இவ்வளவு கிராக்கி. மோசமாக ஆண்டிருந்தால் பெயர் அவரோடு போயிருக்கும்.

ஜோவாவ் எப்படி என்று அடுத்து கேட்பீர்கள். கார்னிவலுக்குத் தலைமுடியை வெளுத்துக்கொண்டு தெருவில் ஆடுவார், செல்பேசியில் அவருடைய காணொளிகளைப் பார்க்காத இளைஞர்கள் ரெசிஃபேயில் குறைவு. 2024இல் முதல் சுற்றிலேயே 78 சதவீதம் வாங்கினார், 2025இல் அப்பாவின் கட்சிக்குத் தேசியத் தலைவருமானார். அவர் மேயர் வேலையைச் சுமாராகப் பார்த்தார் என்று நான் சொன்னால் ரெசிஃபேக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் மேயராக இருந்தபோது அவருடைய அலுவலகத் தலைவர் மேஜையில் உட்கார்ந்த இளைஞர் யார், அவருடைய குடும்பப் பெயர் என்ன, பத்து வருடம் கழித்து அவர் எங்கே இருப்பார்? நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் ஜோவாவைவிட அந்த ஆளைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்.