கமிட்டில் எண் போட்டும் ‘டெப்ளாய்மென்ட்’ பகுதி காலியாக இருக்கிறதே?

கேள்வி: கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன். வேலைகளையும் வெளியீடுகளையும் நிர்வகிக்க மைக்ரோசாஃப்டின் அசூர் டெவ்ஆப்ஸ் கருவியைத்தான் பயன்படுத்துகிறோம், கோடும் அதிலேயே இருக்கிறது. கமிட் செய்யும்போது (கோடில் செய்த மாற்றத்தைப் பதியும்போது) எல்லோரும் #4312 என்பதுபோல் ஒர்க் ஐட்டம் எண்ணை, அதாவது அந்த வேலைக்கான பதிவின் எண்ணைப் போடுகிறார்கள். ஐட்டத்தைத் திறந்தால் கமிட், புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை முதன்மைக் கோடில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) எல்லாம் தெரிகிறது. ஆனால் அந்த மாற்றம் எங்கே நிறுவப்பட்டது என்று காட்டும் ‘டெப்ளாய்மென்ட்’ பகுதி மட்டும் காலி. அடுத்த மாதம் ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்புத் தரநிலை) ஆடிட். எந்தத் தேவை எந்த ரிலீஸில், எந்தத் தேதியில் லைவுக்குப் போனது என்று காட்ட வேண்டுமாம். ஒரு கன்சல்டன்ட் இதற்கென்று தனி ப்ளக்-இன் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். குறைந்தது இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரையாவது வாங்காதீர்கள்.

கமிட் தெரிகிறது என்றால் உங்கள் டெவலப்பர்கள் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்கிறார்கள். சங்கிலி அறுந்திருப்பது அதற்குப் பிறகு. கமிட் பில்டுக்குள் (கோடிலிருந்து தொகுத்த, ஓடக்கூடிய வடிவத்துக்குள்) போகிறது, பில்ட் ரிலீஸுக்குள் போகிறது, ரிலீஸ் சோதனை முதல் லைவ் வரை ஒவ்வொரு ஸ்டேஜாக ஏறி புரொடக்‌ஷனுக்குப் போகிறது. இதில் எங்கே விட்டுப்போனது என்று பார்க்க ஒரே வழிதான். சமீபத்திய பில்ட் ஒன்றைத் திறந்து, அதில் ஒர்க் ஐட்டங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் கோளாறு ரிலீஸ் பக்கம். வராவிட்டால் பில்ட் பக்கம். உங்கள் விஷயத்தில் ரிலீஸ் பக்கம்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே யாரும் எட்டிப் பார்க்காத ஒரு டிக் இருக்கிறது.

ரிலீஸ் பைப்லைனை (பில்டைப் படிப்படியாக லைவ் வரை அனுப்பும் தானியங்கி வரிசையை) ‘எடிட்’ கொடுத்துத் திறவுங்கள். மேலே ‘ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘இன்டக்ரேஷன்ஸ்’. அங்கே ‘ரிப்போர்ட் டெப்ளாய்மென்ட் ஸ்டேட்டஸ் டு போர்ட்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் உங்கள் ஸ்டேஜ்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் இது டெஸ்டிங்கா, ஸ்டேஜிங்கா, புரொடக்‌ஷனா என்று வகை சொல்ல வேண்டும். ‘லைவ்-2’ என்று நீங்கள் பெயர் வைத்தால் அது புரொடக்‌ஷன் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? சேமித்து, புதிதாக ஒரு ரிலீஸ் போட்டுப் பாருங்கள். பழைய ரிலீஸ்கள் தாமாக வந்து நிரம்பிவிடாது.

இவ்வளவுதான் உங்கள் ப்ளக்-இன். இந்த டிக்கை இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்தவர்களை என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. ஐட்டத்தில் காலிப் பெட்டி ஒன்றைக் காட்டுகிறவர்களுக்கு, எங்கே போனால் அது நிரம்பும் என்று அதற்குள்ளேயே ஒரு வரி எழுதி வைக்கக் கை வரவில்லை.

நான் சொன்னது பழைய ‘கிளாசிக்’ ரிலீஸ் பைப்லைனுக்கு. யாமல் (YAML) என்ற எழுத்து வடிவக் கோப்பில் பைப்லைன் எழுதியிருந்தால் இந்த டிக்கைத் தேடி அலைய வேண்டாம். அங்கே ‘என்விரான்மென்ட்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு டெப்ளாய்மென்ட்டையும் திறந்தால் அதில் போன ஒர்க் ஐட்டங்கள் தனித் தாவலில் இருக்கும். அதுவே ஆடிட்டருக்குப் போதும். கூடவே பைப்லைன் அமைப்புகளில், ஓட்டத்தில் சேர்ந்த ஐட்டங்களைத் தானாக இணைக்கும் வசதியை மெயின் கிளைக்கு (கோடின் முதன்மைப் பிரதிக்கு) இயக்கிவிடுங்கள்.

இனி கன்சல்டன்ட் விஷயம். ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் இதற்குரிய கட்டுப்பாடு 8.32, மாற்ற மேலாண்மை. மாற்றங்கள் ஒரு முறைப்படி நடக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். எந்தக் கருவியின் பெயரும் அதில் இல்லை, எந்த ப்ளக்-இன்னும் இல்லை. “இது இல்லாமல் ஆடிட் தேறாது” என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பேச்சு வராது.

இதைவிட மோசமான ரகம் ஒன்று உண்டு. ஆடிட்டுக்கு முந்தைய வாரம் வந்து, ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி, பழைய ஐட்டங்கள் எல்லாவற்றுக்கும் லிங்க் ஒட்டித் தருகிறேன் என்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைச் செய்தார்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வரலாற்றுத் தாவல் ஒன்று இருக்கிறது என்பதும், எந்த லிங்க்கை யார், எந்த நிமிடத்தில் சேர்த்தார் என்று அதில் பதிவாகும் என்பதும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஆடிட்டர் அம்மா நிதானமாக முதல் ஐட்டத்தின் வரலாற்றைத் திறந்தார். இரவு பதினொன்றரை. இரண்டாவது, அதே பதினொன்றரை. மூன்றாவதை அவர் திறக்கவே இல்லை, பேனாவை எடுத்துவிட்டார். லிங்க் இல்லாமல் இருந்திருந்தால் சின்னக் குறிப்போடு போயிருக்கும்.

அதே இடத்தில்தான் இன்னொரு கூத்தும். லிங்க் இல்லாத புல் ரிக்வெஸ்ட்டை ஏற்கக்கூடாது என்று கிளைக்கு விதி போட்டிருந்தார்கள். நல்ல விதிதான், நீங்களும் போடுங்கள். ஆனால் ஏதாவது ஒரு ஐட்டம் இருந்தால் போதும் என்றுதான் அந்த விதி பார்க்கும், சரியான ஐட்டமா என்று பார்க்காது. உடனே யாரோ ‘இதர வேலைகள்’ என்று ஒரு ஐட்டத்தைத் திறந்தார்கள். ஊரே தன் லிங்க்கை அதில் கொண்டுவந்து கட்டியது. உங்கள் போர்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருக்கும். மூடிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் ஆடிட்டர் கட்டாயம் பிடிக்கப்போகிற ஒன்று. அவர் கேட்பது ‘தேவை’யை. உங்கள் டெவலப்பர்கள் எண் போடுவது அநேகமாக டாஸ்க்குக்கு, அதாவது அந்தத் தேவையைப் பிரித்த சிறு வேலைக்கு. டாஸ்க்கில் விழுந்த கமிட்டும் டெப்ளாய்மென்ட்டும் அதன் தலைக்கு மேலே இருக்கும், தேவையைச் சொல்லும் யூசர் ஸ்டோரிக்குத் தாமாக ஏறாது. ஆக, டிக் போட்ட பிறகும் ஸ்டோரியைத் திறந்தால் காலியாகவே இருக்கும், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். புல் ரிக்வெஸ்ட்டில் டாஸ்க்கோடு ஸ்டோரியையும் சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள்.

ஹாட்ஃபிக்ஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை லைவில் கோளாறு. லைவில் ஓடும் பதிப்பிலிருந்து புதுக் கிளை எடுத்து, திருத்தி, #4312 என்று எழுதி, பில்ட் போட்டு அனுப்பிவிடுகிறீர்கள். ஒரு பில்டில் என்னென்ன ஐட்டங்கள் என்பதைக் கருவி எப்படிக் கணக்கிடுகிறது? அதே கிளையின் கடைசி வெற்றிகரமான பில்டோடு ஒப்பிட்டு, நடுவில் வந்ததை எடுக்கிறது. புதுக் கிளைக்கு ஒப்பிட முந்தைய பில்டே கிடையாது. அதனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பக்கூடாது. சரி, திங்கட்கிழமை அதே திருத்தத்தைச் செர்ரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் நகலெடுத்து) மெயினுக்குக் கொண்டுவருகிறீர்கள். கமிட்டின் செய்தியும் கூடவே வரும், அதில் #4312 இருக்கும். இரண்டு வாரம் கழித்து வழக்கமான ரிலீஸ் போகும்போது அதிலும் 4312 இருக்கும். ஒரே கோளாறை இரண்டு முறையா சரிசெய்தீர்கள் என்று ஆடிட்டர் கேட்பார். கேட்கட்டும். இரண்டும் உண்மைதான். அந்தக் கேள்விக்குப் பயந்து மெயினுக்கென்று புதிய ஐட்டம் திறக்காதீர்கள், செய்தியிலிருந்து எண்ணை அழிக்கவும் வேண்டாம். ஐட்டத்தின் கலந்துரையாடலில் அன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள்: இன்ன தேதி ஹாட்ஃபிக்ஸாகப் போனது, இன்ன தேதி மெயினில் சேர்ந்தது. அதோடு, ஹாட்ஃபிக்ஸுக்கு அடுத்து வரும் வழக்கமான ரிலீஸில் ஒப்பீடு இரண்டு வேறு கிளைகளுக்கு நடுவில் நடப்பதால் அந்தப் பட்டியலும் குழம்பலாம். அந்த ஒரு ரிலீஸுக்கு மட்டும் பழைய டேகுக்கும் புதிய டேகுக்கும் (டேக் என்பது ரிலீஸான பதிப்புக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) இடையே ‘கிட் லாக்’ (கமிட்களின் பட்டியல்) எடுத்து, கையால் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டேக் போடும் பழக்கம் இல்லையா? அதை முதலில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

டிக் போடுவதற்கு முன்னால் போன ரிலீஸ்களுக்கும் இதே ‘கிட் லாக்’ வழிதான். எக்செலில் பட்டியல் போட்டு, ‘பின்னால் தயாரித்தது’ என்று தலைப்பிலேயே எழுதி, தயாரித்த தேதியையும் போட்டுக் கொடுங்கள். ஒளிக்காமல் கொடுத்த எக்செலுக்காக யாரும் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

அவசரமாகப் பார்க்க வேண்டியது இன்னொன்று: பில்டும் ரிலீஸும் எத்தனை நாள் வைக்கப்படும் என்ற அமைப்பு. எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் 30 நாள். ஆடிட் வருவது ஆண்டுக்கு ஒரு முறை, கருவி ஞாபகம் வைத்திருப்பது ஒரு மாதம். பழையவற்றில் கடைசி சிலதை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைத் துடைத்துவிடும், லிங்க் இருந்தும் சொடுக்கினால் அங்கே ஒன்றும் இருக்காது. புரொடக்‌ஷனுக்குப் போன ஒவ்வொரு ரிலீஸையும் நிரந்தரமாக வைத்திரு என்று குறியிடுங்கள், அதற்கான பில்டையும் சேர்த்து. இதை இன்று மாலைக்குள் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு போய்க்கொண்டிருக்கும்.

டிக் போட்டு ஒரு சின்ன மாற்றத்தை அனுப்பிப் பார்த்த பிறகும் காலியாகவே இருந்தால் எனக்கு எழுதுங்கள். பில்ட் பக்கத்தின் படமும் ரிலீஸின் ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தின் படமும் வேண்டும். கன்சல்டன்ட் தந்த பிரசென்டேஷனை அனுப்ப வேண்டாம்.