காரில் கிடக்கும் டிராமா கிட்: எதை மாற்றுவது, எதை முதலில் எடுப்பது?

கேள்வி: அடிக்கடி நீண்ட தூரம் கார் ஓட்டுபவன் நான். மூன்று வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு டிராமா கிட் (பெரிய காயங்களுக்கான முதலுதவிப் பை) வாங்கி டிக்கியில் போட்டு வைத்தேன். இப்போது திறந்து பார்த்தால் சில பாக்கெட்டுகளில் காலாவதி தேதி முடிந்திருக்கிறது. டூர்னிக்கெட், அதாவது ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை, இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கிறது. அதைக் கட்டினால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? விபத்து என்றால் முதலில் எதை எடுப்பது?

பதில்: நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கை, கால் அறுவை சிகிச்சைகளில் டூர்னிக்கெட் வழக்கமாகப் பயன்படும் கருவி. இரண்டு மணி நேரம் வரை அது கட்டியிருப்பதால் கால் போய்விடுவது மிக அரிது. தொடையில் பெரிய தமனி அறுந்தவருக்கோ ஐந்து நிமிடம்கூட இருக்காது. வளர்ந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம்தான். அதில் இரண்டு லிட்டர் போனாலே உயிர் ஊசலாடும். ஆகவே கட்டத் தயங்குவதில்தான் ஆபத்து அதிகம்.

அதற்காக எடுத்த எடுப்பில் டூர்னிக்கெட்டைத் தேட வேண்டாம். இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள், அவசர உதவிக்கு யாரையாவது போன் செய்யச் சொல்லுங்கள், கையுறை போடுங்கள். உடனே ரத்தம் வரும் இடத்தில் இரண்டு கைகளாலும் அழுத்துங்கள். பை வந்து சேரும்வரை உங்கள் கைதான் மருந்து. பீய்ச்சி அடிக்கும் ரத்தம், தரையில் தேங்கும் ரத்தம், துணியை நனைத்துக்கொண்டே போகும் ரத்தம், துண்டாகிப்போன கை கால், அடிபட்டவர் திடீரெனக் குழம்பிப் பேசுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அது உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு. முழங்கால் சிராய்ப்பும் நெற்றிக் கீறலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உடையைக் கிழித்துப் பார்க்கத் தயங்காதீர்கள். கறுப்பு ஜீன்ஸுக்குள் எவ்வளவு ரத்தம் போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கிட்டில் இருக்கும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் அதற்குத்தான்.

காயம் கையிலோ காலிலோ இருந்து, ரத்தம் இப்படிக் கொட்டினால் டூர்னிக்கெட். காயத்துக்கு மேலே, அதாவது உடல் பக்கமாக, 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டுங்கள். முழங்கால், முழங்கை மூட்டின்மேல் வேண்டாம். காயம் எங்கே என்றே தெரியாவிட்டால் தொடையிலோ மேற்கையிலோ எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே, உடையின் மீதே கட்டலாம். பாக்கெட்டில் போன், சாவி இருந்தால் எடுத்துவிடுங்கள். பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். பட்டையைத் தளர்வாக விட்டுவிட்டு, அதை முறுக்கி இறுக்குவதற்காக அதிலேயே பொருத்தியிருக்கும் குச்சியை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலில் பட்டையை முழு பலத்தோடு இழுத்து இறுக்குங்கள். அடியில் விரல் நுழையக் கூடாது. அப்படி இறுக்கியிருந்தால் குச்சியை மூன்று சுற்று சுற்றுவதற்குள் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். நிற்கும்வரை முறுக்கி, குச்சியை அதன் கொக்கியில் மாட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். நிற்கவில்லையா? இன்னொன்று இருந்தால் முதல் கட்டுக்கு ஒட்டினாற்போல் மேலே கட்டுங்கள்.

அடிபட்டவர் வலியில் கத்துவார். கட்டு வேலை செய்கிறது என்றால் வலிக்கத்தான் செய்யும், அதற்காகத் தளர்த்தாதீர்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தளர்த்திக் காலுக்கு ரத்தம் விட வேண்டும் என்று யாராவது பக்கத்தில் நின்று யோசனை சொல்வார். காதில் வாங்காதீர்கள். தளர்த்தும்போதெல்லாம் மிச்சமிருக்கும் ரத்தமும் வெளியேறும், உறைந்த கட்டியும் பெயரும். அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

அக்குள், இடுப்பும் தொடையும் சேரும் மடிப்பு, தோள்பட்டை ஓரம் போன்ற இடங்களில் டூர்னிக்கெட் கட்ட முடியாது. அங்கே காயத்துக்குள் காஸ் (மெல்லிய வலைபோன்ற கட்டுத் துணி) திணிக்க வேண்டும். மேலே தேங்கிய ரத்தத்தைத் துடைத்து, எந்த ஆழத்திலிருந்து ஊறுகிறது என்று விரலால் தேடி, காஸின் நுனியை அந்த இடத்திலேயே வைத்து அழுத்துங்கள். பிறகு இரண்டு கை விரல்களும் மாறி மாறி, அழுத்தத்தை விடாமல், குழி நிறையும்வரை உள்ளே ஊட்டுங்கள். அதன்மேல் கைகளை நேராக நீட்டி உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தூட்டிய காஸ் என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரணக் காஸ் என்றால் 10 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். பிறகு அழுத்தக் கட்டு போட்டுச் சுற்றுங்கள். சிறு குழந்தைகளின் மெல்லிய கைகால்களில் டூர்னிக்கெட் பட்டை சரியாக இறுகாமல் போகலாம். அவர்களுக்கும் இந்த அழுத்தமும் திணிப்பும்தான் நம்பகமான வழி.

மார்பிலும் வயிற்றிலும் காஸ் திணிக்கவே கூடாது. மார்பில் துளை விழுந்து காற்று உள்ளே இழுபட்டால், சுற்றிலும் துடைத்துவிட்டு செஸ்ட் சீலை (துளையை மூடும் பசையுள்ள ஒட்டு) ஒட்டுங்கள். முதுகிலும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியபின் மூச்சுத் திணறல் கூடினால் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடுங்கள். குத்தி நிற்கும் கம்பி, கண்ணாடி எதையும் பிடுங்காதீர்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தத்தை எந்தப் பையும் நிறுத்தாது. மருத்துவமனைக்கு விரைவதுதான் சிகிச்சை. எல்லோருக்கும் பொதுவாக இன்னொன்று: உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும். வெயில் காலமானாலும் கிட்டில் உள்ள பளபளக்கும் போர்வையால் மூடுங்கள். தரைக்கும் உடலுக்கும் நடுவிலும் ஏதாவது விரியுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் பைக்கு வருவோம். காலாவதி தேதிக்கு எல்லாப் பொருளிலும் ஒரே அர்த்தம் இல்லை. காஸ், கட்டுத் துணி பாக்கெட்டுகளில் அச்சிட்டிருக்கும் தேதி, அதுவரை கிருமியில்லாமல் இருக்கும் என்ற உத்தரவாதம். தேதி முடிந்ததை மாற்றிவிடுங்கள். ஆனால் விபத்து நடந்த இடத்தில் அது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் பயன்படுத்துங்கள். கிருமித்தொற்றுக்கு நாளை மருந்து உண்டு, போன ரத்தத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. மருந்தூட்டிய காஸின் வீரியம் குறைந்திருந்தாலும் குழியை நிரப்பும் துணியாக அது வேலை செய்யும். செஸ்ட் சீல் அப்படியல்ல. பசை உலர்ந்துவிட்டால் ரத்தமும் வியர்வையும் உள்ள தோலில் ஒட்டாது, ஒட்டாத சீலால் பயனில்லை. உங்கள் பணத்தை முதலில் அதில் செலவிடுங்கள்.

தேதியைவிட எனக்குக் கவலை தருவது வெப்பம். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் சூடு 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். பசை இளகும், கையுறை பிசுபிசுத்துக் கிழியும், டூர்னிக்கெட்டின் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையைக் கவிழ்த்துப் பாருங்கள். பாக்கெட்டில் ஓட்டையோ ஈரமோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். டூர்னிக்கெட்டின் பட்டை நிறம் வெளுத்திருந்தாலும், வெல்க்ரோ பிடிக்காவிட்டாலும், குச்சியில் விரிசல் தெரிந்தாலும் அது போக வேண்டியதுதான். பையை டிக்கியிலிருந்து எடுத்து ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வையுங்கள். பின்னால் இடிபட்டால் டிக்கி திறக்காது. மாத்திரை, ஆயின்மென்ட், பிளாஸ்டர் எல்லாவற்றையும் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். இருநூறு பொருள் கொண்ட கிட் என்று விற்பவர்கள் கணக்கைக் கூட்டுவது பெரும்பாலும் பிளாஸ்டரை வைத்துத்தான். அவசரத்தில் அதையெல்லாம் கிளறிக்கொண்டிருக்க முடியாது.

டூர்னிக்கெட்டின் பிளாஸ்டிக் உறையை இன்றே பிரித்துவிடுங்கள். ரத்தம் படிந்த வழுக்கும் கையால் அதைப் பிரித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். பட்டையின் வளையத்தைப் பெரிதாக்கி, ஒரு கையால் எடுத்து மாட்டுகிற மாதிரி மடித்து மேலாக வையுங்கள். பழகிப் பார்ப்பதற்கென்று தனியாக இன்னொன்று வாங்குங்கள். பழகிப் பழகி நைந்ததை உயிர் காக்க நம்பக் கூடாது. நிஜமாக ஒருமுறை கட்டியதையும் திரும்பப் பைக்குள் வைக்காதீர்கள்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பேர்பெற்ற டூர்னிக்கெட்டுகளைப் பார்த்துச் செய்த போலிகள் ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கின்றன. பார்த்தால் அச்சு அசல். முறுக்கும்போது குச்சி வளையும் அல்லது ஒடியும். அசல் தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். உங்களிடம் இருப்பது எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் இருந்தால், அதையே பழகும் கட்டாக வைத்துக்கொண்டு பைக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.