கனடாவின் வடகோடி ஊரான கிரைஸ் ஃபியோர்டில் அன்றாட வாழ்க்கை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

நுனாவுட் ஆட்சிப்பகுதியின் எல்ஸ்மியர் தீவில் உள்ள ஆர்க்டிக் பழங்குடியினரான இனுவிட் மக்கள் வாழும் இந்தச் சிறிய ஊருக்குச் சாலைத் தொடர்பு இல்லாததால், கனமான பொருள்கள் கோடையின் இறுதியில் கப்பலிலும், காய்கறி முதலியவை சிறு விமானத்திலும் வருகின்றன; விலை உயர்வுக்கு அதுவே முதற்காரணம். குளிர்காலத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் சூரியன் உதிப்பதில்லை.

ஆயினும் இயற்கையை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. 1953இல் கனடிய அரசு, வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுவிட் குடும்பங்களை, நல்ல வேட்டை கிடைக்கும், விரும்பினால் திரும்பிவிடலாம் என்று வாக்களித்து இங்கே கொண்டுவந்து இறக்கியது. பழகிய நிலமும் உறவினரும் இல்லாத இடத்தில் அவர்கள் அனுபவித்த பசிக்கும் பிரிவுக்கும் அரசு மன்னிப்புக் கேட்க 2010 வரை ஆயிற்று என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது.

வேட்டையில் கிடைத்த சீல் இறைச்சியை வீடுதோறும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு; ஆனால் பனிவண்டிக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவு, வேட்டைக்குச் செல்வதையே கடினமாக்கிவிட்டது.