விந்தணு எல்லாம் உருண்டைத் தலை: ஊசி வழிக் கருவூட்டலான இக்ஸிக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வயது 33, ஊர் கடலூர் முதுநகர். கல்யாணமாகி நான்கு வருடம். மனைவிக்குப் பார்த்த பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. புதுச்சேரியில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை எனக்கு விந்துப் பரிசோதனை எடுத்தார்கள். அளவு 2.5 மி.லி., எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 40 லட்சம், இயல்பான உருவம் 0%, "தலை எல்லாம் உருண்டை" என்று இருக்கிறது. ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டும் மாற்றமில்லை. என் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. இது பரம்பரைக் கோளாறா? நேராக டெஸ்ட் டியூபுக்குப் போய்விடலாமா?

பதில்: போகலாம். அதற்கு முன் இரத்தத்தில் சில பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். எந்த முறை உங்களுக்குப் பலிக்கும் என்பதே அவற்றைப் பொறுத்தது.

0% என்ற எண்ணை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அளவுகோலின்படி நூறில் 4 விந்தணு சரியான வடிவில் இருந்தாலே போதும். குழந்தை பெற்ற ஆண்களுக்கும் பெரும்பாலானவை கோணலாகத்தான் இருக்கும். கோணல் எந்த விதம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்றுக்குத் தலை பெரிது, ஒன்றுக்குக் கழுத்து வளைவு, ஒன்றுக்கு இரட்டை வால் என்று கலந்து கிடந்தால் காய்ச்சல், வெரிகோசீல் (விதைப்பையில் இரத்தக் குழாய் புடைப்பது), புகைப் பழக்கம், சூளை போன்ற இடங்களில் படும் வெப்பம் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது போல ஒரே குறையோடு இருந்தால் குறை அச்சில் இருக்கிறது, அதாவது மரபணுவில். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். உங்கள் இரண்டு பரிசோதனையும் இரண்டு தனி விளைச்சல். இரண்டிலும் ஒரே குறை என்பதால் காய்ச்சலைக் காரணம் சொல்ல முடியாது.

இந்த உருண்டைத் தலைக்கு குளோபோசூஸ்பெர்மியா என்று பெயர். விந்தணுவின் தலையில் அக்ரோசோம் என்றொரு தொப்பி உண்டு. கருமுட்டையின் உறையைத் துளைப்பது அதுதான். தொப்பி இல்லாததால் தலை உருண்டுவிடுகிறது, உறையையும் துளைக்க முடிவதில்லை. இதற்கு மிகப் பரவலான காரணம் டிபிஒய்19எல்2 என்ற மரபணு முழுவதுமாக விடுபட்டுப் போவது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் பழுதானால்தான் குறை வெளிப்படும். தாய்மாமன் முறைத் திருமணத்தில் பிறந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் இரு பக்கமும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்பா அம்மா உறவை நீங்களாகவே எழுதியது நல்லது. பலரும் தாங்கள் சொந்தத்தில் கட்டினோமா என்பதை மட்டுமே மருத்துவரிடம் சொல்வார்கள். விந்தணுக் குறைக்குப் பெற்றோரின் உறவுதான் கணக்கு. உங்கள் மனைவி உறவா என்பது பிறக்கப்போகும் குழந்தைக்கான கணக்கு. இல்லாத மரபணுவை லேகியமோ துத்தநாக மாத்திரையோ கொண்டுவராது, அதற்கு இனிச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே இருப்பதால் வேறு இரண்டு பரிசோதனைகளும் தேவை. கேரியோடைப்பில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று தெரியும். மாறியிருந்தால் கரு தங்கினாலும் கலையலாம். ஒய் குரோமோசோம் நுண்ணிழப்புப் பரிசோதனையில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் பகுதிகளைப் பார்ப்பார்கள். அங்கே இழப்பு இருந்தால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அது போகும். சிஎஃப்டிஆர் மரபணுவால் விந்துக்குழாய் இல்லாமல் போகும் கோளாறில் விந்தின் அளவே மிகக் குறையும், அதில் விந்தணுவும் இருக்காது. உங்களுக்கு 2.5 மி.லி. இருப்பதால் அதை விட்டுவிடலாம்.

இரத்தம் கொடுக்கையில் வெறும் வயிறு தேவையில்லை. கேரியோடைப்புக்குப் பச்சை மூடி ஹெப்பாரின் குழாய், ஒய் நுண்ணிழப்பு, டிபிஒய்19எல்2 ஆகிய மற்ற இரண்டுக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாய். கேரியோடைப்புக்கு உயிருள்ள செல்களை மூன்று நாள் வளர்க்க வேண்டும். குழாய் மாறினாலோ வழியில் வெயிலில் கிடந்தாலோ செல் வளராது, மறுபடி இரத்தம் கொடுக்க நேரும். வெளியூர் லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் சனிக்கிழமை கொடுக்காதீர்கள். மரபணுப் பரிசோதனை, மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் முறையில் என்றால், டிபிஒய்19எல்2 முழு இழப்பையும் தேடச் சொல்லி எழுதி வாங்குங்கள். எழுத்துப் பிழையை மட்டும் தேடும் அறிக்கை, பக்கமே கிழிந்து போனதைக் கவனிக்காமல் "இயல்பு" என்று வந்துவிடலாம்.

டிபிஒய்19எல்2 குறை உறுதியானால் விந்தைக் கருப்பையில் செலுத்தும் ஐயூஐ, வெளியே முட்டையோடு விந்தணுவைச் சேர்த்து வைக்கும் சாதாரண ஐவிஎஃப் இரண்டும் வீண். இக்ஸியில் ஊசி வழியே விந்தணுவை முட்டைக்குள் வைப்பதால் உறையைத் துளைக்கும் சிக்கல் தீரும். ஆனால் முட்டையைத் தூண்டிவிடும் புரதமும் இந்த விந்தணுவில் குறைவு, அதனால் முட்டை விழிக்காமலே இருந்துவிடலாம். அதற்காகக் கால்சியம் அயனோஃபோர் கரைசலில் முட்டையைச் சிறிது நேரம் வைப்பார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று மையத்தில் முதல் நாளே கேளுங்கள். தெரியாமல் தொடங்கினால் உங்கள் மனைவி முட்டை வளர்வதற்காகப் பத்து நாளுக்கு மேல் போட்டுக்கொண்ட ஊசி ஒரு கருவும் தராமல் போகலாம்.

குறையின் பெயர் தெரிய வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தலை பெருத்துப் பல வால்களோடு வரும் ஏயுஆர்கேசி மரபணுக் குறையில் குரோமோசோம் எண்ணிக்கையே தவறு, இக்ஸி கூடாது. வால் குட்டையாகச் சுருண்ட குறையில் இக்ஸி பெரும்பாலும் பலன் தரும்.

கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டோடு, முடிந்தால் சாயமேற்றிய ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கிப் போங்கள். டிபிஒய்19எல்2 குறை உறுதியாகி, உங்களுக்குத் தம்பியும் இருந்தால் அவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு விந்துப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அவர் மனைவி வருடக்கணக்கில் ஸ்கேனுக்கு அலைய வேண்டியிருக்காது.