எலன் டெர்ரியோட லேடி மேக்பெத் போட்டோ நிஜமாவே மேடையில எடுத்ததா? ஏன் சிலை மாதிரி நிக்கறாங்க?

மேடையில எடுத்தது இல்லைங்க. 1888 டிசம்பர் கடைசியில லண்டன் லைசியம் தியேட்டர்ல நடிகர் ஹென்றி இர்விங் ஷேக்ஸ்பியரோட 'மேக்பெத்' நாடகத்தைப் போட்டாரு, அதுல லேடி மேக்பெத்தா நடிச்சவங்கதான் எலன் டெர்ரி. அங்க கேஸ் விளக்குதான், அந்த வெளிச்சத்துல அப்போ படம் பிடிக்க வச்சிருந்த கண்ணாடி பிளேட்டுல படம் விழாது. அதனால முழு வேஷத்தோட விண்டோ அண்ட் குரோவ் ஸ்டுடியோவுக்கு வந்து நின்னாங்க.

எங்கப்பா போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தாரு, "தாடையை லேசா இறக்குங்க"ன்னு அவர் சொல்றதைக் கேட்டே வளந்தவன் நான், அதனாலயோ என்னவோ இந்த மாதிரி பழைய படம் எது கெடச்சாலும் முதல்ல காலடியைத்தான் பாப்பேன். 1860கள்ல நடிகருங்க போட்டோ ஒட்டி வந்த சின்ன சின்ன கார்டுகள்ல ஷூவுக்குப் பின்னாடி ஒரு இரும்பு ஸ்டாண்டோட அடிப்பாகம் எட்டிப் பாக்கும். தலை ஆடாம இருக்க பின்னாடி முட்டுக் குடுத்தது அது. கொலோடியன்ங்கற ரசாயனத்தைப் பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் பிடிச்ச அந்தக் காலத்து பிளேட்டுக்கு சில செகண்டு அசையாம நிக்கணும், கத்தியை ஓங்கின கையோட அப்படி நின்னு பாருங்க, அப்பதான் அந்த நடிகருங்க பட்ட பாடு புரியும். 1880கள்ல, சீக்கிரமே படம் பதியற ட்ரை பிளேட் (காய்ஞ்ச பிளேட்) பரவினதும் அந்த அவஸ்தை நல்லாவே குறைஞ்சுது, டெர்ரி சிலை மாதிரி நிக்கறது பெரும்பாலும் அவங்களே வேணும்னு பிடிச்ச போஸ்தான்னு நான் நினைக்கறேன்.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது அந்த டிரெஸ்ஸைப் பாக்கும்போதுதான். ஆலிஸ் கோமின்ஸ் கார் டிசைன் பண்ணது, பச்சை நூல்ல பின்னி மேல பொன்வண்டு இறக்கையா தைச்சிருக்காங்க, ஏறக்குறைய ஆயிரம் இறக்கை! சின்ன வயசுல தீப்பெட்டியில பொன்வண்டு வளத்தவங்களுக்கு அந்தப் பச்சை எப்படி மின்னும்னு சொல்லவே வேணாம். கவசம் மாதிரியும் தெரியணும், பாம்புச் செதில் மாதிரியும் தெரியணும்னுதான் அப்படி செஞ்சாங்க. ஆனா அந்தக் காலத்து சாதாரண பிளேட்டுக்கு நீலம்தான் நல்லா தெரியும், பச்சையும் சிவப்பும் கறுத்துப்போயிடும், அதனால போட்டோவுல இரும்புக் கவசம் மட்டும் வந்துச்சு, பாம்பு வரல. நீளமா தொங்கற அந்த செம்பட்டைப் பின்னலும் அதே மாதிரி இருட்டாயிடுச்சு.

ஓவியர் சார்ஜென்ட் இதே வேஷத்துல அவங்களை 1889ல வரைஞ்ச ஓவியம் லண்டன் டேட் மியூசியத்துல இருக்கு, அதைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, கலர் பூரா அதுல இருக்கு. ஆனா துணி எவ்வளவு கனமா தொங்குது, அந்த ஸ்லீவ் எவ்வளவு நீளம்னு போட்டோதான் சொல்லும். டிரெஸ்ஸையே பாக்கணும்னா கென்ட்ல அவங்க வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டுக்குப் போகணும், பழுது பாத்து பத்திரமா வச்சிருக்காங்க.